அயலார் இல்லத்தில் நம் சேனை

அண்டை வீட்டில் தீப்பற்றி எரியுங்கால் குடமும் கையுமாய் ஓடாதவன் மனிதனல்லன் என்பது உலகத்தார் ஒப்ப முடிந்த நியாயம். ஒரு தேசத்தில் உட்பகை மூண்டு குடிமக்கள் ஒருவரையொருவர் கொன்று மாய்க்கும்பொழுது, அயல் தேசத்தார் தனித்தோ பலர் கூடியோ தம் சேனையை அனுப்பி அக்கொடுமையைத் தடுத்தல் வேண்டும் என்று வாதிப்போர் இந்நியாயத்தையே மேற்கோளாக எடுத்துக் காட்டுவர். கேட்பதற்கு இது நன்றாகவே இருக்கிறது. ஆயினும் தீக்கும் போருக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. தீக்குக் கட்சியில்லை. தண்ணீர் ஊற்ற வந்தவனைப் பார்த்து, 'நீ எவர் பக்கத்தவன்?' என்று அது வினவுவதில்லை. உள்நாட்டுப் போரோ முதன்முதல் வினவுவது அதனையே. அவ்வினாவிற்கு விடை பகராமல் ஆயுதமேந்திய அயலான் ஒருவன் அங்கே ஒரு திங்கள் நிற்றல் கூடும். ஓராண்டு நிற்றல் அரிது.

பட்டுத் தறிகளும் கோபுரங்களும் சூழ்ந்த காஞ்சிமாநகரில் இருந்துகொண்டு, தேசாந்தரங்களின் படைச்செலவைப் பற்றி நாம் எண்ணுவது எற்றுக்கு என்று அன்பர் சிலர் கேட்கலாம். அவர்களுக்கு யாம் நெடிய விடை கூற வேண்டுவதில்லை. நம் ஊரிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் செல்வோர் பலரும் ஸ்ரீபெரும்புதூரைக் கடந்தே செல்கின்றனர். இராமாநுசர் தோன்றிய அத்தலத்தில், 1991ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள் இரவு, தேர்தற் கூட்டத்திற்கு வந்த முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி வெடிகுண்டுக்கு இரையானார். அவரோடு மாண்டவருள் கூட்டத்தில் காவல் புரிந்த போலீசாரும் இருந்தனர். ஈழத்திற்கு இந்தியா அனுப்பிய அமைதிப்படையை ஒட்டி எழுந்த பகையே அக்கொலைக்கு மூலம் என்பது பின்னர் நடந்த வழக்கில் வெளிப்பட்டது. கடல் கடந்து சென்ற ஒரு சேனையின் கதை கடலுக்கு அப்பால் முடிவுறாமல், நம் வாயிற்படியிலேயே வந்து முடிந்தது. ஆதலின் இதனைப் பற்றி எண்ணுதல் நமக்கு உரிமை மட்டுமன்று, கடமையும் ஆம்.

இன்னும் ஒரு காரணம் உண்டு. ஈழத்து உட்பகையில் தலையிட்டுச் சேனை அனுப்பிய முதல் அரசுகளுள் ஒன்று நம் காஞ்சியிலிருந்தே ஆண்டது. 7ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அரசுரிமையை இழந்த மானவர்மன் என்பான் பல்லவ மன்னன் நரசிம்மவர்மனிடம் வந்து அடைக்கலம் புகுந்தான். பல்லாண்டு அவ்வரசவையிற் பணிபுரிந்து, சளுக்கியரோடு நிகழ்ந்த போரிலும் உடனின்று உதவினான். அதற்குக் கைம்மாறாக நரசிம்மன் அவனுக்குச் சேனை கொடுத்து இலங்கைக்கு அனுப்பினான். முதன்முறை சென்ற சேனை வெற்றி பெறும் தறுவாயில், தம் அரசன் நோயுற்றான் என்னும் செய்தி கேட்டுப் பாதியில் திரும்பியது. மானவர்மனும் மீண்டு வந்து காத்திருந்தான். இரண்டாம் முறை சென்ற சேனை அவனை அனுராதபுரத்து அரியணையில் ஏற்றியது. அவன் மரபினர் அங்கு நெடுங்காலம் ஆண்டனர். இவ்வரலாற்றை இலங்கையின் பழைய வரலாற்று நூலாகிய மகாவமிசமே கூறுகின்றது.

இப்பழங்கதையில் இரண்டு செய்திகள் நம் கருத்தை ஈர்க்கின்றன. முதற்படை தோற்றது களத்திலன்று. அனுப்பிய நாட்டின் உள்ளம் தளர்ந்தவுடன் அது தோற்றது. இரண்டாம் படை வென்றதோ அந்நாட்டினன் ஒருவனை முன்னிறுத்தியதனால். அவனை அமர்த்திய பின் அது அங்கே தங்கி ஆள முற்படவில்லை. எனினும் இதனை வைத்துக்கொண்டு இக்காலத்துக்கு முடிவு கூறிவிடல் பொருந்தாது. ஓர் அரசனை அரியணையில் ஏற்றுதல் ஒரு போரில் முடியும் காரியம். பகைத்து நிற்கும் இரு இனத்தாரை ஒரு சட்டத்தின்கீழ் வாழச் செய்தல் போரினால் முடிவதொன்றன்று. 1987ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கத்தார் மேற்கொண்டது இந்த இரண்டாவது காரியத்தையே.

அன்றைய நிகழ்ச்சிகளை மாணவ நண்பர் பலர் அறியார். அவர்கள் பிறப்பதற்கு முன் நடந்தவை அவை. ஆதலின் சுருங்கக் கூறுவோம். 1983ஆம் ஆண்டு ஜூலை மாதம் கொழும்பு முதலிய இடங்களில் தமிழர்மேல் நிகழ்ந்த படுகொலைகளுக்குப் பின், ஆயிரக்கணக்கானோர் நம் கரைக்கு அகதிகளாய் வந்தனர். தமிழ்ப் போராளிக் குழுக்களுக்கு இந்நாட்டில் இடமும் பயிற்சியும் ஆயுதங்களும் கிடைத்தன. 1987ஆம் ஆண்டில் இலங்கைப் படை வடமராட்சியைத் தாக்கியபொழுது, இந்திய விமானங்கள் ஜூன் 4ஆம் நாள் யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொருள்களை வீசின. ஜூலை 29ஆம் நாள் கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். மறுநாள் அணிவகுப்பைப் பார்வையிட்ட ராஜீவ் காந்தியை ஒரு சிங்களக் கடற்படை வீரன் துப்பாக்கிக் கட்டையால் தாக்கினான். அவ்வுடன்படிக்கையைத் தெற்கில் உள்ளோர் எவ்வாறு கருதினர் என்பதற்கு அவ்வொன்றே போதிய சான்று.

வடக்கில் நிலைமை வேறாயிருந்தது. யாழ்ப்பாணத்து மக்கள் இந்திய வீரர்களை மாலையிட்டு வரவேற்றனர். இனி வானத்திலிருந்து குண்டு விழாது என்று தாய்மார் ஆறுதலடைந்தனர். சென்னையிலும் பெருங்கூட்டம் கூடி உடன்படிக்கையைக் கொண்டாடியது. ஆயினும் ஒரு பெருங்குறை எல்லோர் கண்ணெதிரிலும் இருந்தது. உடன்படிக்கையிற் கையொப்பமிட்டோர் இரண்டு அரசாங்கத்தாரே. துப்பாக்கி ஏந்திப் போர் புரிந்தவர்கள் அதிற் கையொப்பமிட்டாரில்லை. ஆனால் அவர்கள் தம் ஆயுதங்களை 72 மணி நேரத்தில் ஒப்படைத்தல் வேண்டும் என்று அவ்வுடன்படிக்கை விதித்தது. ஒருவன் இசையாத விலைக்கு அவன் வீட்டை இருவர் பேசி முடித்தாற்போல இது இருந்தது.

இரண்டு மாதங்களுக்குள் எல்லாம் மாறின. செப்டம்பர் 26ஆம் நாள் திலீபன் நல்லூரில் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். அக்டோபர் தொடக்கத்தில், பிடிபட்ட விடுதலைப் புலிகளைக் கொழும்புக்குக் கொண்டு செல்ல இலங்கைப் படையினர் முயன்றபொழுது, அவர்களுட் பன்னிருவர் நஞ்சுண்டு மாண்டனர். அக்டோபர் 10ஆம் நாள் அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. மறுநாள் இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கப்பட்ட சீக்கிய வீரர் முப்பதின்மருள் ஒருவரொழிய ஏனையோர் அனைவரும் மடிந்தனர். கல்விக்கழகம் ஒன்றின் மைதானத்தில் நடந்த அந்நிகழ்ச்சியைக் கல்லூரி மாணாக்கராகிய நாம் எண்ணிப் பார்க்குந்தோறும் உள்ளம் நடுங்குகின்றது.

அம்மாதம் 21ஆம் நாள் தீபாவளி. அன்று யாழ்ப்பாணம் பெரிய மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் புகுந்து சுட்டதில், மருத்துவரும் செவிலியரும் ஊழியரும் நோயாளருமாக அறுபதின்மருக்கு மேற்பட்டோர் இறந்தனர். உள்ளிருந்து புலிகள் சுட்டனர் என்பது படையினர் கூற்று. அஃது எவ்வாறாயினும், வெண்ணிற உடையோடு கைகளை உயர்த்தி நின்ற மருத்துவரைச் சுடுதற்கு எந்நியாயமும் இல்லை என்று யாம் துணிந்து கூறுவோம். மாலையிட்ட கைகள் அன்றோடு கீழே விழுந்தன.

அதே போரில் நவம்பர் 25ஆம் நாள் மேஜர் இராமசாமி பரமேசுவரன் என்னும் வீரர் மார்பிற் குண்டு பாய்ந்த நிலையிலும் தம் தோழரைக் காக்கப் போராடி வீழ்ந்தார். அவருக்குப் பரம வீர சக்கரம் வழங்கப்பட்டது. அவர் பம்பாயில் பிறந்த தமிழர். தமிழ் நிலத்தைக் காப்பதற்கென அனுப்பப்பட்ட தமிழர் ஒருவர், தமிழர் கைக் குண்டினால் தமிழ் நிலத்தில் மாண்டார். அமைதிப்படையின் அவலம் முழுவதும் இந்த ஒரு மரணத்தில் அடங்கியிருக்கிறது.

தெற்கிலோ, இந்தியப் படையின் வருகையையே காரணமாகக் காட்டி ஜனதா விமுக்தி பெரமுனையினர் கிளர்ச்சி செய்தனர். 1989ஆம் ஆண்டின் இறுதிக்குள் அக்கிளர்ச்சியிலும் அதனை ஒடுக்கியதிலும் பல்லாயிரம் சிங்கள இளைஞர் மாய்ந்தனர். வடக்கின் தீயை அவிக்கச் சென்ற நீர் தெற்கில் எண்ணெயாயிற்று. 1989இல் ஜனாதிபதியான பிரேமதாசா அமைதிப்படை வெளியேறுதல் வேண்டும் என்று வற்புறுத்தியதோடு, அப்படையை எதிர்க்கும்பொருட்டுப் புலிகளுக்கே ஆயுதமும் அளித்தார். ஒருவரையொருவர் அழிக்க உறுதி பூண்ட இரு பகைவரும் ஒன்றுபட்ட ஒரே விஷயம், சமாதானம் செய்ய வந்தவரை வெளியேற்றுவதாகவே முடிந்தது. 1990ஆம் ஆண்டு மார்ச் மாதம் 24ஆம் நாள் கடைசி வீரர்கள் திருகோணமலையிற் கப்பலேறினர். 32 மாதங்களில் ஏறக்குறைய 1,200 இந்திய வீரர் உயிரிழந்தனர். ஈழத்துக் குடிமக்களுள் மாண்டோர் அவர்களினும் மிகப் பலர். கப்பல்கள் சென்னைக்கு வந்தபொழுது, தமிழரைக் கொன்ற படையை வரவேற்பதற்கில்லை என்று முதலமைச்சர் மு. கருணாநிதி துறைமுகம் செல்லவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதமே இலங்கையில் மீண்டும் போர் மூண்டது. 1993 மே முதல் நாள் பிரேமதாசாவும் புலிகளால் கொல்லப்பட்டார். போர் 2009ஆம் ஆண்டு மே மாதம் வரை ஓயவில்லை.

அம்முயற்சியால் நன்மையே விளையவில்லை என்று கூறுதல் அறமன்று. அவ்வுடன்படிக்கையின் பயனாகவே 1987 நவம்பரில் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் நிறைவேறியது. தமிழும் ஆட்சிமொழி என்னும் உரிமையும் மாகாண சபை என்னும் அமைப்பும் அதனால் வந்தவை. இன்றும் ஈழத்தமிழர் தம் உரிமை பற்றி வாதிக்கும்பொழுது அத்திருத்தத்தையே ஒரு படியாக எடுத்துக் காட்டுகின்றனர். இதில் நாம் கவனிக்கத்தக்கது ஒன்று: நிலைத்து நின்றது சட்டத்தில் எழுதப்பட்டதே. துப்பாக்கியினால் நிறுவ முயன்ற யாதும் நிலைக்கவில்லை. 1988இல் தேர்தல் நடத்தி அமைத்த வடகிழக்கு மாகாண அரசு, படை கப்பலேறிய பொழுதே வீழ்ந்தது.

இந்திய அமைதிப்படை ஒரு நாட்டின் படை. பல நாட்டார் கூடிச் சென்றிருந்தால் பயன் வேறாகியிருக்கும் என்று சிலர் கருதுவர். உலக வரலாறு இதற்கு ஒரே விடையைத் தரவில்லை.

சோமாலியா தேசத்தில் 1992ஆம் ஆண்டு பஞ்சமும் கொள்ளையும் மலிந்தபொழுது, அமெரிக்கர் தலைமையில் பல நாட்டுச் சேனைகள் சென்றன. உணவு வண்டிகளுக்குக் காவல் செய்தன. எண்ணற்றோர் பசிப்பிணியினின்று பிழைத்தனர். அதுவரை வெற்றியே. பின்னர் அந்நாட்டுப் படைத்தலைவன் ஒருவனைப் பிடிப்பது என்று குறி மாறியது. 1993 ஜூனில் 24 பாகிஸ்தானிய வீரரும், அக்டோபரில் 18 அமெரிக்க வீரரும், அவர்களோடு நூற்றுக்கணக்கான சோமாலியரும் மாண்டனர். 1995 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் சபையின் படை வெளியேறியபொழுது அங்கு அரசாங்கம் என்று ஒன்றில்லை. உணவு கொடுக்கச் சென்றவர் வேட்டையாடப் புகுந்ததே அத்தோல்விக்கு வித்து.

லிபியாவில் 2011ஆம் ஆண்டு குடிமக்களைக் காக்கவேண்டும் என்னும் தீர்மானத்தோடு தொடங்கிய விமானத் தாக்குதல் அரசைக் கவிழ்ப்பதில் முடிந்தது. அத்தீர்மானத்திற்கு வாக்களியாமல் ஒதுங்கிய நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. கொடுங்கோலன் வீழ்ந்தான், ஆயினும் அந்நாடு இரண்டு பட்டு மீண்டும் போரில் ஆழ்ந்தது. ஆப்கானிஸ்தானத்தில் 2001 முதல் இருபதாண்டு பல நாட்டுச் சேனைகள் தங்கின. ஒரு காலத்தில் அவற்றின் தொகை ஒரு லட்சத்திற்கு மேற்பட்டிருந்தது. அவர்கள் கட்டிய பள்ளிகளில் பெண்மக்கள் பலர் கற்றனர் என்பதையும் மறத்தலாகாது. எனினும் 2021 ஆகஸ்ட் 15ஆம் நாள் அவர்கள் அமைத்த அரசு ஒரு நாளில் மறைந்தது. அப்பெண்மக்களின் பள்ளிக் கதவுகளும் பின்னர் அடைபட்டன.

இவற்றையெல்லாம் கேட்டு, 'எவர் எக்கேடு கெட்டாலும் நாம் வாளாவிருப்பதே நன்று' என்று முடிவு செய்பவரும் உளர். அவர்களுக்கு ருவாண்டாவைக் காட்டுவோம். அங்கு 1993இல் இரு திறத்தாரும் அருஷா நகரில் உடன்படிக்கை செய்திருந்தனர். அதனைக் காக்க ஏறக்குறைய 2,500 வீரர் கொண்ட ஐக்கிய நாடுகள் படையும் இருந்தது. 1994 ஏப்ரலில் படுகொலை தொடங்கி, பெல்ஜிய வீரர் பதின்மர் மாண்டவுடன், படையைப் பெருக்குதற்கு மாறாக அதனை 270 பேராகக் குறைக்கும்படி பாதுகாப்புச் சபை தீர்மானித்தது. நூறு நாட்களில் ஏறக்குறைய 8 லட்சம் மக்கள் வெட்டுண்டனர். மறு ஆண்டு போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனித்சா நகரில், பாதுகாப்பு இடம் என்று சபையே அறிவித்த ஊரில், அதன் படையினர் கண்முன்னே பிரித்துக் கொண்டு செல்லப்பட்ட எண்ணாயிரம் ஆடவரும் சிறுவரும் கொல்லப்பட்டனர். தலையிட்டதனால் விளைந்த பாவம் ஒன்றாயின், தலையிடாததனால் விளைந்த பாவம் அதனிற் சிறியதன்று.

எனவே ஈழத்தையும் ருவாண்டாவையும் ஒருசேர வைத்துப் பார்த்தல் வேண்டும். ஈழத்தில் வலிமை இருந்தது. போர் புரிவோரின் இசைவு இல்லை. ருவாண்டாவில் இசைவு எழுதப்பட்டிருந்தது. அதனைக் காக்கும் வலிமை இல்லை. இரண்டும் ஒருங்கு கூடிய இடங்களிலேயே இம்முயற்சிகள் ஓரளவேனும் பயனளித்திருக்கின்றன.

இதற்குச் சியரா லியோன் தக்க சான்று. 1999 ஜூலையில் அந்நாட்டு அரசும் கிளர்ச்சிக்காரரும் உடன்படிக்கை செய்தனர். இந்தியத் தளபதி விஜய் ஜேட்லியின் தலைமையில் ஐக்கிய நாடுகள் படை சென்றது. ஆயினும் 2000 மே மாதம் கிளர்ச்சிக்காரர் சொல் தவறி, அமைதி வீரர் ஐந்நூற்றுவர் வரை சிறைப்பிடித்தனர். கைலாஹுன் என்னும் ஊரில் இந்திய வீரர் இருநூற்றுவருக்கு மேற்பட்டோர் முற்றுகையிற் சிக்கினர். ஜூலையில் அவர்கள் போரிட்டு மீட்கப்பட்டனர். ருவாண்டாவிற் செய்தாற்போல அங்கே சபையார் பின்வாங்கவில்லை. படையை 17,500 ஆகப் பெருக்கினர். பிரிட்டிஷாரும் துணைநின்றனர். 2002 ஜனவரிக்குள் எழுபதினாயிரத்திற்கு மேற்பட்டோர் ஆயுதங்களைக் கையளித்தனர். அவ்வாண்டு மே மாதம் தேர்தல் நடந்தது. 2005 டிசம்பரில் படை வெளியேறியது. அதன்பின் அந்நாட்டில் உள்நாட்டுப் போர் மீளவில்லை.

கிழக்குத் திமோரும் அத்தகையதே. 1999 ஆகஸ்ட் 30ஆம் நாள் அம்மக்கள் பெரும்பான்மையாக விடுதலைக்கு வாக்களித்தனர். வாக்களித்த குற்றத்திற்காக அவர்கள் வீடுகள் கொளுத்தப்பட்டன. இந்தோனேசியா இசைந்தபின் செப்டம்பர் 20ஆம் நாள் ஆஸ்திரேலியர் தலைமையில் பல நாட்டுப் படை இறங்கியது. 2002 மே 20ஆம் நாள் அந்நாடு சுதந்திரமடைந்தது. 2006இல் மீண்டும் கலகம் மூண்டு படைகள் திரும்பவும் செல்ல நேர்ந்தது என்பதையும் கூறாது விடுதல் நேர்மையன்று. எனினும் அங்கே மக்கள் விருப்பம் இன்னதென்பது முன்னரே வாக்கெடுப்பினால் தெளிவாயிருந்தது. வந்த படை அவ்விருப்பத்தைக் காத்ததேயன்றித் தானாக ஒரு விருப்பத்தை உண்டாக்க முயலவில்லை.

இவ்வளவினின்றும் யாம் கொள்ளும் முடிவு யாது? ஒரு சேனை அயல்நாட்டுக்குச் செல்லுமுன் ஐந்து வினாக்களுக்கு வெளிப்படையாக விடை கூறப்படுதல் வேண்டும். துப்பாக்கி வைத்திருப்போர் தாமே உடன்பட்டனரா? அனுப்புவோர் முன்னரே ஒரு கட்சிக்கு ஆயுதமளித்தவரா, அன்றி அந்நாட்டிற் சொந்த ஊதியம் நாடுபவரா? செய்யவேண்டிய காரியம் இன்னதென்று வரையறுக்கப்பட்டு, அதற்கு வேண்டிய வலிமையும் கொடுக்கப்பட்டதா? படை திரும்பும் நாளில் ஆட்சியை ஏற்கத்தக்க உள்நாட்டு அமைப்பு உண்டா? படையினர் தவறிழைத்தால் அதனைக் கேட்டு நீதி வழங்குவோர் யார்? ஈழத்தில் இவ்வைந்தனுள் ஒன்றற்கேனும் நேரான விடை இருந்ததாக எமக்குத் தோன்றவில்லை. முதல் நாளிலேயே ஆயுதமளித்த கை, இரண்டாம் நாளில் அவ்வாயுதத்தைப் பறிக்க நீண்டது. அதனை நடுவுநிலை என்று எவர் நம்புவர்?

ஐந்தாவது வினாவை நம்மவர் எளிதில் மறந்துவிடுகின்றனர். அதனை நம் ஊர்க் கல் ஒன்று நமக்கு நினைவூட்டும். 8ஆம் நூற்றாண்டில் சளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான். அவன் நண்பனாய் வந்தவனல்லன், தலைமுறைப் பகைவன். எனினும் நகரை அழிக்கவில்லை. இராசசிம்மேச்சுரம் என்னும் கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதனைக் கவராமல் கோயிலுக்கே விட்டான். இச்செய்தி கூறும் கன்னடக் கல்வெட்டை இன்றும் அக்கோயிலிற் காணலாம். பகைவனாய் வந்தவனை ஆயிரத்திருநூறு ஆண்டுகள் கழித்தும் நாம் வெறுப்பின்றி நினைக்கின்றோம். நண்பனாய்ச் சென்ற நம் சேனையை, மருத்துவமனையின் பொருட்டு யாழ்ப்பாணத்தார் இன்றும் கண்ணீரோடு நினைக்கின்றனர். அயல் நகரில் நுழையும் படைவீரன் எக்கொடியோடு வந்தான் என்பதை மக்கள் மறப்பர். எவ்வாறு நடந்தான் என்பதை மறவார்.

அயலார் செய்யத்தக்கதன் அளவு யாது என்பதற்கும் நம் தெருக்களிலேயே உவமை கிடைக்கும். காஞ்சிப் பட்டுச் சேலையில் கரையும் உடலும் வெவ்வேறு நிறமாயிருப்பின், அவற்றைக் கோர்வை முறையில் இணைத்து நெய்வர். மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளர் ஒருவர் தறியில் அமர, பக்கத்தில் ஓர் உதவியாள் இருந்து கரையின் நாடாவை வீசுவார். அவ்வுதவி இன்றிக் கோர்வை இல்லை. ஆயினும் தறியில் அமர்ந்து சேலையை நெய்பவர் அவரல்லர். கோர்வை செம்மையாயின் சேலை கிழியினும் கரை பிரியாது என்பர். பகைத்த இரு திறத்தாரை ஒரு நாடாக இணைக்கும் பணியும் இத்தகையதே. அயல்நாட்டுப் படை பக்கத்தில் இருந்து நாடா வீசலாம். தறியில் அமரவேண்டியவர் அந்நாட்டு மக்கள். உதவியாள் நெசவாளரை எழுப்பிவிட்டுத் தானே தறியில் அமர்ந்ததுதான் காபூலில் நடந்தது, யாழ்ப்பாணத்திலும் நடந்தது.

இனி, நண்பர்காள், நம்மைப் பற்றிச் சிறிது கூறி முடிப்போம். 2009ஆம் ஆண்டில் முள்ளிவாய்க்காலில் மக்கள் மடிந்துகொண்டிருந்த பொழுது, இந்தியா தலையிடுதல் வேண்டும் என்று தமிழ்நாட்டு மாணாக்கர் தெருவில் நின்று கதறினர். 2013ஆம் ஆண்டிலும் கல்லூரிகள் தோறும் உண்ணாநோன்பு நிகழ்ந்தது. அக்குரலில் இருந்த துயரம் மெய்யானது. அதனை யாம் குறை கூறோம். அன்று இசைவும் நடுவுநிலையும் உடைய பல நாட்டார் படை ஒன்று இடையில் நின்று அக்குடிமக்களைக் காத்திருந்தால், பல்லாயிரம் உயிர் பிழைத்திருக்கும் என்றே எம் உள்ளமும் கூறுகின்றது. ஆயினும் 'படையை அனுப்புக' என்று கூறுதல் எளிது. அனுப்பிய பின் அதன் செயலுக்குப் பொறுப்பேற்றல் அரிது. 1987இல் மாலையோடு வழியனுப்பிய நாமே 1990இல் வெறுங்கையோடு ஒதுங்கி நின்றோம். துறைமுகத்தில் இறங்கிய வீரன் தன்னை எவர் அனுப்பினார் என்று கேட்டிருந்தால், நம்முள் விடை கூறுவார் யார்?

கொழும்பை அடுத்த ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டையில் அவ்வீரர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. மாண்டோர் பெயர்கள் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. யாழ்ப்பாணம் மருத்துவமனையில் தம் கடமையைச் செய்துகொண்டிருக்கையில் மடிந்தோருக்கு அம்மருத்துவமனையார் ஆண்டுதோறும் அஞ்சலி செய்கின்றனர். ஸ்ரீபெரும்புதூரில் மூன்றாவது சின்னம். இம்மூன்றனுள் ஒன்றை மட்டும் வணங்கி ஏனையவற்றைக் காணாது செல்வோர் நம்முள் மிகப் பலர். மூன்றன்முன்பும் ஒருசேரத் தலைவணங்கக் கற்றவனே, இனியொரு நாள் எந்நாட்டிற்கேனும் படை அனுப்புதல் தகுமா, தகாதா என்று கூறும் தகுதி உடையவனாவான். நம் கல்லூரியினின்று வெளிச்செல்லும் மாணாக்கருட் சிலர் படையிற் சேர்வர். சிலர் ஆட்சிமன்றங்களில் அமர்வர். மற்றையோர் அனைவரும் வாக்களிப்பர். அவர்கள் அத்தகுதியைப் பெற்றுச் செல்லுதல் வேண்டும் என்பதே எம் விருப்பம்.